உட்கார ஓர் இடம்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். டிசம்பர் கச்சேரிக்கும், அந்த சபா கேன்டீனின் ரவா தோசைக்கும்கூட எழுதுகிறோம். சைக்கிள் சீட்டுக்கு யாரும் எழுதுவதில்லை. இத்தனைக்கும் மோசமான சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாதியில் எழுந்தும் வந்துவிடலாம். மோசமான சீட், வீட்டை விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகுதான் தன் சுயரூபத்தைக் காட்டும். திரும்பி வரவும் அதன் மேல்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

எனவே இந்த வாரம் சைக்கிள் சீட் விமர்சனம்.

2020-ல் கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும் நகரங்களில் திடீரென்று ஒரு சைக்கிள் மோகம் வந்தது, ஞாபகமிருக்கும். கடைகளில் ஸ்டாக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஈ.சி.ஆர். பக்கம் போனால் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான டிராயர் சகிதம் கும்பல் கும்பலாகப் போனார்கள். அந்த சைக்கிள்களில் கணிசமான பங்கு இன்று அபார்ட்மென்ட் பால்கனிகளில் துண்டு காயப்போடப் பயன்படுகிறது. ஏன் ஓட்டுவதில்லை என்று தெரிந்தவர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் நேரமில்லை என்றார். ஒருவர் டிராஃபிக் என்றார். மூன்றாமவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “சீட்டு சரியில்ல சார்” என்றார்.

“எங்கே வலிக்குது?”

“இடுப்புல...”

இடுப்பில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் இடுப்பு என்றே வைத்துக்கொண்டு பேச்சை முடித்தோம்.

விஷயத்தின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன். செருப்பு கடித்தால், “இங்கே கடிக்குதுப்பா” என்று கடைக்காரரிடம் விரலைக் காட்டுகிறோம். கண்ணாடி அழுத்தினால் மூக்கைக் காட்டுகிறோம். சைக்கிள் சீட் வலித்தால் காட்ட முடியாது, சொல்லவும் முடியாது. தொப்புளுக்குக் கீழே, தொடைக்கு மேலே இருக்கும் சகலத்துக்கும் நாகரிகத் தமிழில் ‘இடுப்பு’ என்று ஒரே பெயர். பெண்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. பேசாமல் ஓட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கிளையும் புகார் தராத பொருள் நூறு வருஷமானாலும் திருந்தாது. சைக்கிள் சீட் திருந்தாததற்கு இன்ஜினீயரிங்கைவிட வெட்கம்தான் பெரிய காரணம்.

முதலில் கொஞ்சம் எலும்பு பற்றி. மர பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையைப் பின்புறத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கெட்டியான முட்டுகள் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. மனிதனை உட்கார வைப்பதற்கென்றே இயற்கை கொடுத்த இரண்டு கால்கள் என்று சொல்லலாம். எடை தாங்க அவற்றால் முடியும். அவற்றுக்கு நடுவில் இருக்கும் மென்மையான பகுதி எடை தாங்க ஏற்பட்டதல்ல. அந்தரங்க உறுப்புகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களும், பியூடென்டல் என்ற நரம்பும் அந்த வழியாகத்தான் போகின்றன. எடை எலும்பில் இறங்கினால் நல்ல சீட். நடுவில் இறங்கினால் கெட்ட சீட். முதலில் வலிக்கும், அப்புறம் மரத்துப்போகும். சைக்கிள் சீட் சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான். மீதியெல்லாம் வியாக்கியானம்.

இப்போது கடைக்கு வாருங்கள். வாடிக்கையாளர் சீட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்? கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார். மெத்தென்று அமுங்கினால், “இது நல்லா இருக்கு, போட்டுடுங்க.” ஜெல் சீட், ஜெல் கவர், பன் மாதிரி உப்பிய ஃபோம் சீட் எல்லாம் இந்தக் கட்டை விரலை நம்பித்தான் விற்பனையாகின்றன. ஆனால் ஓட்டப்போவது கட்டை விரல் அல்ல. அறுபது எழுபது கிலோ ஆசாமி ஏறி உட்கார்ந்ததும் எலும்பு முட்டுகள் இரண்டும் அந்த மெத்தைக்குள் புதைகின்றன. புதைந்த ஃபோம் எங்கே போகும்? பக்கத்தில் பிதுங்கும். நடுவிலும் பிதுங்கி, எந்த இடத்தில் அழுத்தக் கூடாதோ அந்த இடத்தில் சரியாகப் போய் அழுத்தும். ஐந்து நிமிஷம் சொர்க்கம், ஐம்பது நிமிஷம் நரகம். பக்கத்துத் தெருவில் கொத்தமல்லி வாங்கப் போகிறவருக்கு ஜெல் சீட் தோதுப்படும். மகாபலிபுரம் போகிறவருக்கு அது துரோகம்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. 2002-ல் ஐரோப்பிய சிறுநீரகவியல் பத்திரிகை ஒன்றில் ஒரு ஜெர்மன் ஆய்வு வந்தது. வெவ்வேறு சீட்டுகளில் ஆண்களை உட்கார வைத்து, பிறப்புறுப்பில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறுகலான, தடிமனாக மெத்தை வைத்த சீட்டில்தான் சரிவு அதிகம், 80 சதவிகிதத்துக்கு மேல். மூக்கே இல்லாத அகலமான சீட்டில் சுமார் 20 சதவிகிதம்தான். மெத்தையைவிட அகலமும் வடிவமும்தான் முக்கியம் என்று தெரிந்தது. அதன் பிறகும் கட்டை விரல் வியாபாரம் அமோகமாக நடக்கிறது.

நம் பழைய சைக்கிள் சீட்டை நினைத்துப் பாருங்கள். பின்னால் அகலமாக, அடியில் இரண்டு பெரிய சுருள் ஸ்பிரிங், மேலே தோல் அல்லது ரெக்சின். பிரியமுள்ளவர்கள் அதற்கு வெல்வெட் கவர் போட்டுக் குஞ்சம் கட்டுவார்கள். மழைக்கு ஒரு பாலிதீன் பை. அழகுப் போட்டியில் தோற்றுவிடும். ஆனால் அது புத்திசாலித்தனமான பொருள். அந்த சைக்கிளின் ஹேண்டில்பார் உயரம். ஓட்டுகிறவர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிமிர்ந்து உட்காருவார். எடையில் பெரும்பங்கு சீட்டில்தான் விழும். அதனால் அகலம் வேண்டும். சாலையில் பள்ளம். அதனால் ஸ்பிரிங் வேண்டும். பால்காரர், தபால்காரர், கேரியரில் மூட்டை கட்டின அரிசி வியாபாரி எல்லாரும் அதில்தான் ஆயுசு முழுவதும் போய் வந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் பலர் ஓட்டியதும் இந்த மாதிரி ஆண்கள் சைக்கிளைத்தான். முன் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

பிறகு நாம் நவீனமானோம். ஹேண்டில்பார் கீழே இறங்கியது. ஓட்டுகிறவர் முன்னால் குனிந்தார். குனிந்தால் இடுப்பு முன்பக்கம் உருளும், எடையும் எலும்பின் முன்பகுதிக்கு நகரும். தொடை உரசாமல் இருக்க சீட் குறுகலாக வேண்டும். ஆக ரேஸ் சைக்கிளுக்கு ஒல்லியான சீட் நியாயமானதுதான். அநியாயம் எங்கே என்றால், தொந்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்து பாங்க்குக்குப் போய்வரும் ஐம்பது வயதுக்காரருக்கும் அதே ஒல்லி சீட்டைப் பொருத்தி அனுப்புவதில். ரேஸ்காரர் ஒரு நாளில் பல மணி நேரம் பழகிய உடம்பு. பெடலை பலமாக மிதிப்பதால் அவர் எடையில் ஒரு பகுதியைக் கால்களே தாங்கிக்கொள்ளும். நம் பாங்க் அன்பருக்குக் கால்கள் சும்மா சுற்றுகின்றன. முழு எடையும் சீட்டில்தான்.

ரேஸ் உலகத்தின் வைதீகம் தனிக் கதை. 1933-ல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர், ஈஸிசேரில் சாய்ந்தபடி ஓட்டுகிற மாதிரி ஒரு சைக்கிளில் பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் போனார். 1914-லிருந்து நின்ற ஒரு சாதனை உடைந்தது. அவர் பெரிய நட்சத்திரமும் இல்லை. சாய்வு நாற்காலிதான் ஜெயித்தது. சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது? மாலை போடவில்லை. 1934-ல் சைக்கிள் என்றால் இன்னதுதான் என்று புது இலக்கணம் எழுதி, சாய்வு நாற்காலியை வெளியே தள்ளியது. இன்றைக்கும் பந்தய சீட் 24 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, 30-க்கு மிஞ்சக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி அவர்கள் பந்தயத்துக்கு. கடைகளில் தொங்கும் சீட்டுகளோ பெரும்பாலும் அந்தப் பந்தயத்தைப் பார்த்து ஜாடை எடுத்தவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சரியான யோசனை நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் தலைக்கேறியபோது, சில டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகைகளில் எழுதினார்கள். ஆண்களுக்கு வலி வருமே என்பதோடு விட்டிருக்கலாம். நீண்ட மூக்கு வைத்த சீட்டில் உட்கார்ந்தால் பெண்களின் ஒழுக்கம் என்ன ஆவது என்றும் கவலைப்பட்டார்கள்! அந்தக் கவலையையும் காசாக்க ‘சுகாதார சீட்’ என்ற பெயரில் பல மாடல்கள் வந்தன. ‘கிறிஸ்டி’ என்று ஒன்று. எலும்புக்கு ஒன்றாக இரண்டு தனி மெத்தை, நடுவில் பள்ளம். விளம்பரத்தில் இடுப்பெலும்பின் படத்தையே போட்டு விளக்கினார்கள். காரணம் அசட்டுத்தனம், விடை சரி. சைக்கிள் பைத்தியம் ஓய்ந்ததும் அந்த சீட்டும் மறைந்தது. நூறு வருஷம் கழித்து, 1990-களில், நடுவில் ஓட்டை போட்ட சீட்டை மாபெரும் கண்டுபிடிப்பு என்று மறுபடி விற்க ஆரம்பித்தார்கள்.

அதற்கு ஒரு பயம் தேவைப்பட்டது. 1997-ல் பாஸ்டனைச் சேர்ந்த இர்வின் கோல்ட்ஸ்டீன் என்ற சிறுநீரகவியல் நிபுணர், சைக்கிள் ஓட்டினால் ஆண்மைக்கு ஆபத்து என்கிற ரீதியில் பேசினார். அமெரிக்காவின் பெரிய சைக்கிள் பத்திரிகையிலேயே அது வந்தது. சைக்கிள் உலகம் கதிகலங்கிப் போனது. சீட் கம்பெனிகள் டாக்டர்களைத் தேடி ஓடின. அதுவரை யாரும் பேசாத விஷயத்தை எல்லோரும் பேசினார்கள். ஆண்களுக்கு ஆபத்து என்றதும் விஞ்ஞானத்துக்கு வந்த சுறுசுறுப்பைக் கவனியுங்கள்.

பயத்தை இங்கேயே கொஞ்சம் தணித்துவிடுகிறேன். 2018-ல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில் சைக்கிள் ஓட்டுகிற ஆண்களையும், நீந்துகிற, ஓடுகிற ஆண்களையும் ஒப்பிட்டார்கள். அந்தரங்க விஷயத்தில் சைக்கிள்காரர்கள் ஒன்றும் மோசமில்லை என்று தெரிந்தது. ஆனால் மரத்துப்போவது மட்டும் அவர்களுக்கு அதிகம். ஹேண்டில்பாரை சீட் மட்டத்துக்கோ அதற்கு மேலேயோ வைத்திருப்பவர்களுக்கும், அடிக்கடி எழுந்து நின்று மிதிப்பவர்களுக்கும் அது குறைவு. சைக்கிளை விற்றுவிட வேண்டாம். மரத்துப்போனால் வீரம் என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். கால் மரத்தால் எழுந்து உதறுகிறோம் இல்லையா?

அமெரிக்க அரசின் தொழில் சுகாதார நிறுவனம் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2008-ல் வெளியிட்டது. தொண்ணூறு பேருக்கு மூக்கில்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்கள். ‘மரத்துப்போகவில்லை’ என்று சொன்னவர்கள் ஆரம்பத்தில் 27 சதவிகிதம், முடிவில் 82 சதவிகிதம். கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பின் முதல் பாதி: ‘மூக்கை அறுத்து...’ எதைக் காப்பாற்றுவது என்கிற இரண்டாம் பாதியை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நான் சொல்லவந்த வெட்கம் இதுதான். அமெரிக்க அரசாங்க விஞ்ஞானி தலைப்பிலேயே போடுகிறார், நாம் இடுப்பு என்கிறோம்.

மூக்கறுப்பு முழுத் தீர்வா? இல்லை. மூக்கு சும்மா நீட்டிக்கொண்டிருக்கவில்லை. திரும்பும்போது இரண்டு தொடைகளும் அதை உணர்ந்துதான் சைக்கிளைக் கட்டுப்படுத்துகின்றன. அது இல்லாவிட்டால் முதல் சில நாட்கள் கையில் எடை கூடும், ஆட்டம் காணும். பழக வேண்டும். நிதானமாக, நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்குச் சரிவரும். நடுவழியாக, மூக்கைக் குட்டையாக்கி நடுவில் பள்ளமோ ஓட்டையோ வைத்த சீட்டுகள் கடந்த பத்து வருஷத்தில் நிறைய வந்திருக்கின்றன. பந்தயக்காரர்களே அதற்கு மாறிவிட்டார்கள். மொத்தத்தில் நல்ல மாற்றம். ஓட்டையின் விளிம்பே சிலருக்கு அழுத்தும். அவர்களுக்குப் பள்ளம்தான் தோது.

பழைமைவாதிகளுக்கு இங்கிலாந்தின் புரூக்ஸ் தோல் சீட். ஜான் புரூக்ஸ் 1866-ல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணம் செய்கிற தொழில் தொடங்கியவர். கம்பெனி சொல்லும் கதைப்படி, 1878-ல் அவர் குதிரை செத்துப்போக, இரவல் சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறார். அதன் மர சீட் உயிரை வாங்க, நானே ஒன்று செய்கிறேன் என்று 1882-ல் காப்புரிமை வாங்கினார். அந்தக் கம்பெனியின் பி-17 மாடல் நூறு வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. அதில் மெத்தையே கிடையாது. கயிற்றுக் கட்டில் மாதிரி, முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டின கெட்டித் தோல். சில வாரங்களில் உங்கள் எலும்பு இருக்குமிடத்தில் குழிந்து, உங்கள் ஜாடைக்கு வந்துவிடும். ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது, கனம் அதிகம், நம் நவம்பர் மழையில் ஊறினால் தொலைந்தது. விலையோ ஒரு சாதாரண சைக்கிளையே தாண்டும். இருந்தாலும் ஒரு பாடம் சொல்லித் தருகிறது: சௌகரியம் என்பது மெத்தையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

பொருத்தத்தைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லாத வழி உண்டு. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து, உள்ளே நெளி நெளியாக இருக்குமே, அந்த அட்டையில் ஒரு துண்டு வெட்டுங்கள். படிக்கட்டில் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் தூக்கி முன்னால் சாயுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் பதிந்திருக்கும். ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள். அதைவிடச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலமான சீட் வாங்கலாம். நிமிர்ந்து ஓட்டுகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இந்த அளவுக்கும் உங்கள் பேன்ட் சைஸுக்கும் சம்பந்தமில்லை. ஒல்லியானவருக்கு அகலமாகவும், குண்டானவருக்குக் குறுகலாகவும் இருக்கலாம். பெண்களுக்கு சராசரியாகக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ‘லேடீஸ் சீட்’ என்று ரோஸ் கலரில் எதையாவது நீட்டினால் கலரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்.

அடுத்தது, புது சீட் வாங்கும் முன் இருப்பதை ஒழுங்காக வையுங்கள். சீட் அளவுக்கு மேல் உயரமாக இருந்தால் பெடலை எட்ட இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும், தோல் உரசிப் புண்ணாகும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டத்தை சீட் மேல் வையுங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் நடுவில் அழுத்தும். ரொம்பக் கவிழ்ந்திருந்தால் சறுக்கிச் சறுக்கிக் கை வலிக்கும். மட்டத்தில் ஆரம்பித்து, துளித் துளியாக மாற்றிப் பாருங்கள். தடித்த தையல் போட்ட ஜீன்ஸில் நீண்ட தூரம் போகாதீர்கள். மெத்தை வைத்த சைக்கிள் டிராயர் போட்டால் உள்ளே வேறு எதுவும் போடக் கூடாது. இதையும் கடையில் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எல்லாம் செய்தும் தொடர்ந்து மரத்துப்போகிறதென்றால் டாக்டரிடம் போங்கள். அங்கேயாவது இடுப்பு என்று சொல்லாதீர்கள்.

சினிமாவுக்குப் போடுவது போல மார்க் போடச் சொன்னால் சீட்டுக்கு என்னால் முடியாது. ஒரே சீட் ஒருவருக்கு 80, அடுத்தவருக்கு 15. மார்க் போட வேண்டியது நீங்கள், அதுவும் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு. விற்கும் விதத்துக்கு மட்டும் தாராளமாகப் போடலாம். அது ஃபெயில். செருப்புக் கடையில் கால் அளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய்க்கு சைக்கிள் விற்கும் கடைகளில் எத்தனையில், உட்காரும் எலும்பை அளக்க ஓர் அட்டைத் துண்டு இருக்கிறது? வாங்கிப் போய் ஓட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றித் தரும் கடைகள் எத்தனை?

பணம் கொடுத்து வாங்குகிறவர்களாவது கேட்டுப் பார்க்கலாம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வருஷா வருஷம் இலவச சைக்கிள் தருகிறது. அருமையான திட்டம். தினம் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை அதில் போய் வருகிற பெண்ணுக்கு சீட் உயரமோ, மூக்கு தூக்கியிருக்கிறதோ, அவள் யாரிடம் சொல்வாள்? அப்பாவிடம் சொல்ல மாட்டாள். அண்ணனிடம் சொல்லவே மாட்டாள். சாவி கொடுத்து போட்டோ எடுக்கும் அன்றைக்கே ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்து, எந்த போல்ட்டைத் தளர்த்தினால் சீட் இறங்கும், எதைத் தளர்த்தினால் மூக்கு மட்டத்துக்கு வரும் என்று பி.டி. டீச்சர் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தால் போதும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் அவளே சரிசெய்துகொள்வாள்.